மைக்குக்கும் ஆயுத பூஜை

திருப்பூரில் கால் வைத்த முதல் காலையிலேயே முசாவைத் தொலைத்துவிட்டோம்.

பேருந்து நிலையத்தின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வாருங்கள் என்று ஆறு பேரையும் அனுப்பியிருந்தேன். ஐந்து பேர் திரும்பினார்கள். முசாவைக் காணோம். ஒரு தனியார் பேருந்தில் அலறிய பாட்டும், நடத்துநர் "தாராபுரம் தாராபுரம் தாராபுரம்" என்று ஒரே மூச்சில் இழுத்த ராகமும் அவனுக்குப் பிடித்துப்போய்விட்டன. மைக்கை நீட்டியபடியே படியேறி, சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி ரசித்திருக்கிறான். வண்டி கிளம்பியதே அவனுக்குத் தெரியாது.

போனில் பிடித்தேன். "மேடம், இந்த பஸ்ஸில் அருமையான ஸ்பீக்கர்" என்றான்.

"நீ எங்கே இருக்கிறாய்?"

"பஸ்ஸில்."

"பஸ் எங்கே இருக்கிறது?"

அவன் போனைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்தான். "கொடுவாய் ஊரத் தாண்டிட்டமுங்க" என்றார் அவர், என்னவோ நல்ல சேதி சொல்வதுபோல. "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. தம்பிய நானே திருப்பி ஏத்தி உட்டுர்றனுங்க." மத்தியானம் முசா வந்து சேர்ந்தான். கையில் ஒரு சீப்பு பூவன்பழம், ஒரு பொட்டலம் முறுக்கு. கம்பாலாவின் பழைய டாக்ஸி நிலையத்தில் ஒருவன் தொலைந்தால் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இங்கே தொலைந்தவன் தின்பண்டத்தோடு திரும்புகிறான்.

நான் பிறந்தது நாகர்கோவில் பக்கம். வாழ்க்கைப்பட்டது உகாண்டாவில். கம்பாலாவில் சமுதாய வானொலிகளுக்கும் பாட்காஸ்ட்டுகளுக்கும் இளைஞர்களைத் தயார்செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அவிநாசி சாலையில் ஒரு பெண்கள் கல்லூரி பனியன் தொழிலாளிகளுக்காக வானொலி நடத்துகிறது என்று கேள்விப்பட்டு, எங்கள் பிள்ளைகள் ஆறு பேரை அங்கே பயிற்சிக்குக் கூட்டிவந்தேன். திருப்பூரை அதுவரை பனியனின் கழுத்துப்பட்டியில் மட்டுமே பார்த்திருக்கிறேன். தமிழச்சி என்ற பெயர்தான், ஊருக்கு நானும் அவர்களைப் போலவே புதுசு.

ஆறு பேரில் ஒருத்தி நகாட்டோ. இரட்டைப் பெண்களில் இளையவளுக்கு அவர்கள் ஊரில் வைக்கிற பெயர் அது. விக்டோரியா ஏரிக்கரையில் மீன்பிடிக்கும் கிராமம். அந்தக் கரையில்தான் புதிதாக ஒரு வானொலி தொடங்கப்போகிறோம். அதை நடத்த ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். பயிற்சி முடிகிற அன்று அந்த ஒரு பெயரை நான் சொல்ல வேண்டும். நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: அரை மணி நேரம் தன்னந்தனியாக நேரலை நடத்திக் காட்ட வேண்டும்.

நகாட்டோவைவிட அந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் பூமியில் கிடையாது. யாரிடமும் பேசிவிடுவாள், யாரையும் பேச வைத்துவிடுவாள். ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டுவதில் அவள் கை எனக்கே வராது. இந்தப் பயிற்சிக்காகச் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். இடம் கிடைக்காவிட்டால் திரும்பிப் போய் நிற்க அந்தக் கடையும் இல்லை.

ஒரே ஒரு கோளாறு. ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அடக்கி விழுங்குகிற சிரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தோள் குலுங்கி, கண்ணில் நீர் வழிந்து, மேசைமேல் தலை வைத்துவிடுகிற சிரிப்பு. கல்லூரி வானொலியில் மற்ற ஐவரும் ஆளுக்கு ஒரு நேரலையை முடித்துவிட்டார்கள். முசா தாராபுரம் பஸ்ஸில் தொலைந்த கதையைச் சொல்லியே பேர் வாங்கிவிட்டான். நகாட்டோ மைக் முன்னால் உட்கார்வாள், விளக்கு எரியும், "வணக்" என்பாள், அவ்வளவுதான். தொழில்நுட்பம் பார்க்கும் தம்பி அவசரமாகப் பாட்டைப் போடுவான். கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், விளக்கின்மேல் துணியைப் போட்டும் பார்த்தேன். "துணிக்குக் கீழே அது எரிவது எனக்குத் தெரியும் மேடம்" என்று அதற்கும் சிரித்தாள்.

சாப்பாட்டில் மட்டும் எந்தக் கோளாறும் இல்லை. சப்பாத்தி சுட்டு, முட்டை ஊற்றிச் சுருட்டித் தின்பது உகாண்டாவின் தெருச் சாப்பாடு. இங்கே தள்ளுவண்டியில் முட்டையும் பரோட்டாவும் தோசைக்கல்லில் கொத்துப்படுகிற தாளத்தைக் கேட்டு அறுவரும் மைக்கோடு சூழ்ந்துகொண்டார்கள். காளான் கடைதான் அவர்களை முழுதாக வீழ்த்தியது. சாயங்காலமானால் தட்டில் சுடச்சுட மசாலாக் காளான், மேலே வெங்காயம், மல்லித்தழை. அதில் காளானைவிட முட்டைக்கோசு அதிகம் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முசா கடைக்காரரிடம், "இன்னொண்ணுங்க" என்று தமிழில் கேட்டான். 'ங்க' எங்கிருந்து வந்தது என்றால், கேட்டதெல்லாம் அப்படித்தானே முடிகிறது என்கிறான்.

வானொலிக்காரர்களுக்கு இந்த ஊரில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. சத்தமில்லாத ஓர் இடம் கிடையாது.

நகாட்டோ தன் நேரலையை ஒரு பனியன் கம்பெனிக்குள்ளிருந்து செய்ய ஆசைப்பட்டாள். அவள் அம்மா ஊர்ச் சந்தையில் டி-சர்ட் விற்கிறவர். "இதையெல்லாம் யார் தைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். கல்லூரி மாணவி கௌசல்யா, பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பாளர், வீரபாண்டியில் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். முதலாளி சிவசாமி வாசலிலேயே நின்றிருந்தார். நகாட்டோ அவரைப் பார்த்ததும் சட்டென்று மண்டியிட்டாள்.

அவர்கள் ஊரில் பெண்கள் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லும் முறை அது. சிவசாமிக்கு அது எப்படித் தெரியும்? காலில் விழுகிறாள் என்று பதறிப்போய், "அட, எந்துரிச்சுக்க கண்ணு! என்னத்துக்குங்க இதெல்லாம்?" என்று தானும் பாதி குனிந்தார். அவர் குனிந்ததைப் பார்த்து அவள் இன்னும் தாழ்ந்தாள். அவர் மனைவி சாந்தாமணி உள்ளேயிருந்து விபூதித் தட்டோடு ஓடிவந்து, "நல்லா இரு அம்மணி" என்று நெற்றியில் பூசிவிட்டார். அப்புறம் கதவருகே "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க போங்க" என்று ஆரம்பமானது. நகாட்டோவின் இனத்தவரான பகாண்டா மக்களின் பணிவைப் பார்த்து நான் கம்பாலாவில் வியந்திருக்கிறேன். கொங்கு நாட்டுக்காரர்களோடு அவர்களை ஒரு வாசலில் நிறுத்தினால் இரண்டு தரப்பும் பொழுது விடியும்வரை வெளியேதான் நிற்கும்.

உள்ளே சத்தம் காதைப் பிளந்தது. துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின்கள் ஒரு வரிசை, அடுத்த வரிசையில் வேறு மெஷின்கள், ஓரத்தில் நீராவியைச் சீறும் அயர்ன் மேசைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பீக்கரில் பாட்டு. ஒரே ஒரு நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"அதுக்கென்னங்க, நிறுத்திரலாமுங்க" என்றார் சிவசாமி.

நின்றோம். எதுவும் நிற்கவில்லை. மறுபடி கேட்டேன். "பண்ணிப்போடலாமுங்க. டீ குடிங்க" என்றார். டீ வந்தது, பப்ஸ் வந்தது. மூன்றாம் முறை கேட்டபோது, "பாத்துக்கலாமுங்க" என்றார் மிகுந்த அன்போடு.

கௌசல்யா என் காதில், "மேடம், முடியாதுன்னு சொல்லீட்டாருங்க" என்றாள்.

"எப்போது சொன்னார்?"

"மொதல்லயே சொல்லீட்டாருங்க. ஷிப்மெண்ட் அவசரமுங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு இப்படிச் சொல்றாருங்க."

சரி, அமைதியைத் தேடிச் சேவூர்ப் பக்கம் தோட்டங்களுக்குப் போனோம். அங்கே விசைத்தறி தடதடத்தது. அதையும் தாண்டி உள்ளே போனால் மயில்கள். தேசியப் பறவை என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்ன மறுநொடி அது தொண்டையைத் திறந்தது. யாரோ யாரையோ கொல்கிறார்கள் என்று முசா ஓடிவந்துவிட்டான். திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோ வேறு நின்றுவிட, ஆறு ஆப்பிரிக்கர்களும் நானும் அதைத் தள்ளிக்கொண்டு வந்த காட்சியை இரண்டு பள்ளிக்கூடப் பேருந்துகள் முழுக்கக் கண்டு களித்தன.

கடைசியில் வழி சொன்னவர் சாந்தாமணிதான். "ஆயுத பூசையன்னைக்கு வாங்க. ஊரே கம்முனு கெடக்கும். சாமி கும்புட்டுப் போட்டு சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் இங்கதான் இருப்பாங்க. நீங்க எவ்வளவு வேணுமோ பேசிக்கங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எங்கள் பயிற்சியின் கடைசி நாளும் அதுதான். கல்லூரி வானொலியில் சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டார்கள். நகாட்டோவுக்கு இருந்த கடைசி வாய்ப்பும் அதுவே. கம்பாலாவில் என் மேலதிகாரி கிசிட்டோ இணையத்தில் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் போன் செய்வார், நான் பெயர் சொல்ல வேண்டும். அவள் மறுபடி மேசைமேல் சாய்ந்து சிரித்தால் முசாவின் பெயரைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அதை அவளிடம் நேராகவே சொன்னேன். "தெரியும் மேடம்" என்றாள். அன்று இரவு அவள் காளான்கூடச் சாப்பிடவில்லை.

ஆயுத பூஜையன்று திருப்பூரைப் பார்க்க வேண்டும்! லாரிக்கு மாலை, ஆட்டோவுக்கு வாழைக்கன்று, தையல் மெஷினுக்குப் பொட்டு. எங்கள் வேன் ஓட்டுநர் முன்கண்ணாடியில் அப்பியிருந்த சந்தனத்துக்கு இடையே கிடைத்த ஓர் இடுக்கில் சாலையைப் பார்த்து ஓட்டினார். ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் குங்குமம் தடவிய பூசணிக்காய் உடைகிறது. ஒன்று முசாவின் காலடியிலேயே உடைந்து, அவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டான். திருஷ்டி கழிந்தது என்று சொல்லிச் சிரித்தார்கள். தனக்குத் திருஷ்டி இருந்ததே தெரியாது என்றான்.

வீரபாண்டியில் கம்பெனி ஆளே மாறியிருந்தது. பெண்கள் எல்லோரும் பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. பீகாரிலிருந்து வந்த அயர்ன் பையன்கள் முடியில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். மெஷின்கள் துடைத்து, பொட்டு வைத்து, தலைகுனிந்து நின்றன. என் காதில் முதல்முறையாக மின்விசிறியின் சத்தம் விழுந்தது. அந்த அமைதியைக் கேட்டதும் எனக்கு ஆனந்தத்தில் துள்ளவேண்டும்போல இருந்தது.

நானும் கௌசல்யாவும் இணைய இணைப்பைச் சரிபார்க்க மாடி அலுவலகத்துக்குப் போனோம். பெட்டிகளை நகாட்டோவின் பொறுப்பில் விட்டேன். அன்றைக்கு அவள்தான் தயாரிப்பாளர்.

படியிறங்கி வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சாமி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். கத்தரிக்கோல்கள், அளவு நாடாக்கள், ஊசிப் பெட்டிகள். அவற்றுக்கு நட்ட நடுவில், மரியாதையான இடத்தில், எங்கள் மைக்குகள் அத்தனையும். பதிவுக் கருவிகள், ஹெட்போன்கள், மடிக்கணினி. ஒவ்வொரு மைக்கின் கம்பிவலைத் தலையிலும் கட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் துண்டு மல்லிகை. ஹெட்போனின் இரண்டு காதுக்கும் பொட்டு. பூஜை முடிந்து கற்பூரம் அணைந்திருந்தது.

"அம்மணிகிட்ட கேட்டனுங்க, இதெல்லாந்தான் உங்க தொழில் சாமானுங்களான்னு" என்றார் சாந்தாமணி பூரிப்போடு. "ஆமான்னு தலையாட்டி, எல்லாத்தையும் அதுவே எடுத்துக் குடுத்துதுங்க. பொறத்தியார் பொருளாச்சேன்னு முன்னாடி வெச்சனுங்க. நாளைக்குக் காலைல மறுபூசை பண்ணிப்போட்டு எடுத்துக்கலாமுங்க."

நாளைக்குக் காலையில்! நேரலைக்கு இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை.

நகாட்டோ என்னைப் பார்த்தாள். அவள் ஊரில் பாதிரியார் வந்து வலைகளுக்கும் படகுகளுக்கும் தண்ணீர் தெளிப்பாராம். தெளித்த கையோடு படகை ஏரியில் தள்ளுவார்களாம். இங்கேயும் அப்படித்தான், ஆசீர்வாதம் முடிந்தால் வேலை தொடங்கும் என்று நினைத்துத்தான் கொடுத்திருக்கிறாள். ஆசீர்வாதம் முடிந்தால் கருவிக்கு ஓய்வு, அதைத் தொடக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கௌசல்யாவை மாடிக்குக் கூட்டிப்போனது நான்.

நான் குனிந்து ஒரு மைக்கை எடுக்கப் போனேன். சாந்தாமணி, "எடுத்துக்கங்க, அதுக்கென்னங்க" என்றார். முகம் மட்டும் சுருங்கிவிட்டது. அந்த 'அதுக்கென்னங்க'வுக்கு அர்த்தம் இப்போது எனக்கே தெரியும்.

நகாட்டோ என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் மேடம். என் கையாலேயே கொடுத்தேன். கொடுத்ததைத் திரும்ப எடுக்க மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? இது உன் வேலை. உன் ஊர் வானொலி."

"தெரியும் மேடம்." அவள் என் கையை விடவில்லை. "ஆனால் இவர்கள் வீட்டு விசேஷத்தைக் கெடுத்துவிட்டு இவர்களிடமே போய் என்ன கேள்வி கேட்பது?"

அவளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. "போன்?" என்றாள் கௌசல்யா. போனை மட்டும் யாரும் பூஜையில் வைக்கவில்லை. வைத்தால் திருப்பூர் நின்றுவிடும். அந்தக் கட்டடத்துக்குள் சிக்னல் ஒழுங்காக வருவது சிவசாமியின் போனுக்கு மட்டும்தான் என்று தெரிந்ததும் அவர், "இந்தாங்க" என்று நீட்டினார். இம்முறை மெய்யாகவே கொடுத்தார். வானொலி நிலையத்துத் தம்பியைக் கூப்பிட்டு, தொலைபேசி வழியாகவே நிகழ்ச்சி என்று சொன்னேன். அவன் 'ஐயோ' என்றது நன்றாகக் கேட்டது.

நகாட்டோ போனைக் காதில் வைத்தாள். விளக்கு இல்லை, கண்ணாடி அறை இல்லை. எதிரே பட்டுச் சேலைகள், பொரிப் பொட்டலங்கள், பிள்ளைகள். 'பேசலாம்' என்று தம்பி சொல்லியிருக்க வேண்டும். அவள் வாயைத் திறந்தாள்.

"வணக்"

வந்துவிட்டது சிரிப்பு. விளக்காவது மண்ணாவது! தோள் குலுங்குகிறது, கண்ணில் நீர் வழிகிறது. கூடம் முழுக்கப் பார்க்கிறது, கம்பாலாவில் கிசிட்டோ கேட்கிறார். முசா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நிறுத்து, நிறுத்து" என்று முணுமுணுத்தான். அவளுக்குப் போனால் இவனுக்குத்தான் அந்த இடம். அப்படியும் அவன் அவளுக்காக வேண்டிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் ஒரு குழந்தை அவளைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தது. அதன் அம்மா சிரித்தாள். பக்கத்திலிருந்தவள் வாயைப் பொத்தினாள், முடியவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் கூடமே சிரிக்கிறது. எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. சிவசாமி வேட்டி நுனியால் கண்ணைத் துடைக்கிறார். சாந்தாமணி தூணைப் பிடித்துக்கொண்டார். நானும்தான் சிரித்தேன், வேறென்ன செய்ய? அவ்வளவும் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது.

சிரிப்பு தானாகவே தீர்ந்தது. எல்லோரும் மூச்சு வாங்கும் சத்தம். அப்போது அவள் பேசினாள். கௌசல்யா வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

"நான் நகாட்டோ. உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறேன். எங்கள் மைக்குகள் இப்போது சாமி முன்னால் இருக்கின்றன. அவற்றுக்கு இன்று விடுமுறை. அதனால் முதலாளியின் போனில் பேசுகிறேன். எங்கள் ஊரில் வலையை ஆசீர்வதித்து வேலைக்கு அனுப்புவோம். நீங்கள் ஆசீர்வதித்துத் தூங்க வைக்கிறீர்கள். இதை என் ஊரில் சொன்னால் எல்லோரும் இங்கே வேலைக்கு வந்துவிடுவார்கள். இப்போது இந்த போனை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்போகிறேன். இன்று தூங்குகிற உங்கள் மெஷினிடம் என்ன சொல்ல ஆசைப்படுகிறீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்."

இந்தக் கேள்வி அவள் தயாரித்து வைத்திருந்த எதிலும் கிடையாது.

போன் பிரசாதம்போலக் கைமாறியது. சிவசாமிதான் முதலில். "நீ இன்னிக்கு நல்லாத் தூங்கு சாமி. நாளான்னிக்கு மட்டும் மக்கர் பண்ணிப்போடாத. ஷிப்மெண்ட் இருக்குது" என்று கையெடுத்துக் கும்பிட்டார், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. ஒரு பீகார் பையன் இந்தியில் தன் அயர்ன் பெட்டியிடம், இன்று ஒரு நாளாவது ஆறியிரு, நானும் ஆறிக்கொள்கிறேன் என்றான். நடுவில் சரக்கு வாங்கும் பையர் யாரோ அழைக்க, போன் 'டொய்ங் டொய்ங்' என்றது. "அப்பறம் பேசறனுங்க, ரேடியோல இருக்கறனுங்க" என்று சிவசாமி போனை நோக்கிக் கத்தினார். அது பையருக்குக் கேட்டிருக்காது, ஊருக்குக் கேட்டிருக்கும்.

அடுத்து மாரியம்மாள் கைக்குப் போனது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், ஓவர்லாக் டெய்லர். ஒல்லியான உடம்பு, பச்சைப் பட்டு. போனை வாங்கினார், தன் மெஷின் பக்கம் திரும்பினார்.

"எம் பிள்ளைய ரெண்டும் ஊர்ல எங்கம்மாட்ட வளருது" என்றார். "அதுக பேச்சக் கேட்டதவிட ஒம் பேச்சத்தான் நான் நெறயக் கேட்டுருக்கேன். ராத்திரி தூக்கத்துலயும் நீதான் கேக்க. இன்னைக்கி ஒருநா நீ பேசாம இரி தாயி. நான் பேசுதேன். ஏ முத்து, ஏ பிரியா, அம்ம நல்லா இருக்கேன். தீவாளிக்கி வாரேன்."

மாரியம்மாள் போனைத் திருப்பி நீட்டினார். நகாட்டோ அதை வாங்கி, பேசாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வானொலியில் முதல் பாடம், மௌனம் விடாதே என்பது. நான்தான் அதை இவர்கள் தலையில் அடித்து அடித்துச் சொல்லித் தந்தவள். இப்போதும் 'பேசு, பேசு' என்று கையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மாரியம்மாளைப் பார்த்தபடி, அந்தப் பேச்சு போய்ச் சேரட்டும் என்று விட்டாள். மின்விசிறி சுற்றுவது மட்டும் திருப்பூர் முழுக்க ஒலிபரப்பானது. அதற்குப் பிறகுதான் மெதுவாக, "அடுத்து யாருங்க?" என்றாள். தமிழில்.

மீதி நேரம் பறந்துவிட்டது. எல்லோருக்கும் பேச வேண்டும், வரிசையில் தள்ளுமுள்ளு. ஒரு சிறுமி கத்தரிக்கோலுக்குப் பாட்டுப் பாடினாள். நேரம் முடிந்ததும் நகாட்டோ போனைச் சிவசாமி கையில் கொடுத்துவிட்டு, பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள்.

கம்பெனி வைஃபையில் என் போன் அடித்தது. கிசிட்டோ. கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவில்லை, ஒலிபெருக்கியில் போட்டேன்.

"முதலில் ஒரே சிரிப்பாக இருந்ததே, என்ன அது?" என்றார்.

"அது அவள்தான்."

"நடுவில் சத்தமே இல்லாமல் போனது. இணைப்பு அறுந்ததா?"

"இல்லை. அதுவும் அவள்தான்."

அவர் யோசித்தார். நகாட்டோ தரையிலிருந்து என் முகத்தையே பார்த்தாள். ஆங்கிலம் தெரியாதவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். ஏதோ தீர்ப்பு என்று மட்டும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"என் மனைவி அந்த மௌனத்தில் அழுதுவிட்டாள்" என்றார் கிசிட்டோ. "அந்த அம்மா பேசியது அவளுக்கு ஒரு சொல் புரியவில்லை. சரி, பெயர் சொல்லுங்கள்."

"நகாட்டோ!" என்றேன். சொல்லவில்லை, கத்தினேன்.

மாரியம்மாளுக்கு அந்தப் பெயர் போதுமாக இருந்தது. நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டார் பாருங்கள், என் ஊர்ப் பக்கத்துக் கோயில் கொடைவிழாவில் கேட்ட அதே குலவை! கொங்குப் பெண்கள் திரும்பிப் பார்ப்பதற்குள், தரையிலிருந்து அதே குலவை பதிலுக்குக் கிளம்பியது. நகாட்டோ. ஏரிக்கரையில் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பெண்கள் போடுகிற குலவை. சங்கரன்கோவிலும் விக்டோரியா ஏரியும் ஒன்றையொன்று கேட்டுத் திகைத்து, ஒரு நொடி நிறுத்தி, மறுபடி சேர்ந்தே போட்டன. முசா விசிலடித்தான். சாந்தாமணி பொரியை வாரி எல்லோர் தலையிலும் இறைத்தார். நான் அழுதேன், ஒளிக்காமல் அழுதேன்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே சிவசாமி தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்தார். போனைக் குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார்.

"ஏனுங்க, சொல்றனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. இத இன்னும் யாரும் கட் பண்ணலீங்களே…"

நிலையத்துத் தம்பியும் துண்டிக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டானாம். அத்தனையும் காற்றில் போயிருக்கிறது. என் போனில் கிசிட்டோ, "இணையம் கொஞ்சம் தாமதம். இப்போதுதான் அதில் நீங்கள் கத்துவது வருகிறது. இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்" என்றார்.

நகாட்டோ எழுந்தாள். தலையில் ஒட்டியிருந்த பொரியைத் தட்டிவிட்டாள். சிவசாமியின் கையிலிருந்து போனை வாங்கி, நிமிர்ந்து நின்றுகொண்டு, நிதானமாகச் சொன்னாள்: "நிகழ்ச்சி முடிஞ்சுதுங்க. பேசியது நகாட்டோ. கேட்டவர்களுக்கு நன்றிங்க."

துண்டித்தாள். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. சிரித்துச் சிரித்து விலா நொந்தது எனக்குத்தான்.